சித்தப்பாவுக்குக் காட்டிய கோலாலம்பூர்

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்தார்கள். சித்தப்பா என்றால் அப்பாவின் கூடப்பிறந்தவர் இல்லை, தாத்தாவின் தம்பி மகன். 1930-களில் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி மலாயா வந்ததோடு சரி, அதற்குப் பிறகு ஊரில் தங்கிவிட்ட அந்தக் கிளையிலிருந்து இங்கே கால் வைத்த முதல் ஆள் இவர்தான். தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். எழுபது வயது. கடன் வாங்காமல், பிள்ளைகளிடம் கேட்காமல், ஓய்வூதியத்தில் சேர்த்த பணத்தில் வந்திருந்தார்.

ஒரு சுற்றுலா நிறுவனத்தின் குழுவோடு வந்தார்கள். மூன்றாம் நாள் மாலை நான் விடுதிக்குப் போய்ப் பார்த்தேன். என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். சாக்லேட் கடையில் ஒரு மணி நேரம், ரப்பர் மெத்தை விற்கும் கடையில் ஒரு மணி நேரம். பத்துமலையில் நாற்பது நிமிடம். சித்தி பாதிப் படி ஏறுவதற்குள் பேருந்து கிளம்புகிறது என்று வழிகாட்டி கூப்பிட்டுவிட்டாராம். இரட்டைக் கோபுரத்துக்கு எதிரே பத்து நிமிடம் நிறுத்தினார்களாம். படம் எடுத்துக்கொள்ளத்தான்.

சொல்லிவிட்டு சித்தப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: "ஏம் பாப்பா, தலைநகரம்ங்கிறாங்க, கட்டடம் கட்டடமா இருக்கு. ஊரு எங்க இருக்கு?"

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வரும் எத்தனையோ பேர் இப்படித்தான் கோபுரத்தையும் முருகன் சிலையையும் படம் பிடித்துக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஊர் இருக்கிறது. அதில் பாதி தமிழ் கேட்கும் தெருக்கள். மறுநாள் குழுவுக்கு ஓய்வு நாள், 'சொந்தச் செலவில் பொருள் வாங்கலாம்' என்று அட்டவணையில் போட்டிருந்தார்கள். அந்த ஒரு நாளை எனக்குக் கொடுங்கள் என்றேன். வேலைக்கு விடுப்புச் சொன்னேன். கார் எடுக்கவில்லை. இந்த ஊரை ரயிலிலும் காலாலும்தான் பார்க்க வேண்டும், காரில் போனால் மேம்பாலத்தைத்தான் பார்ப்பீர்கள்.

என் திட்டம் ஆற்றங்கரையில் தொடங்குவது. சித்தி ஒரே வார்த்தையில் மாற்றிவிட்டார். "பாதிப் படியில விட்டுட்டு வந்தவ நான். முதல்ல அவனப் பாத்துட்டு வந்துடுவோம்." முருகனை அவன் என்று சொல்லும் உரிமை சித்திக்கு இருக்கிறது. சரி என்றேன்.

என் வீடு செந்தூலில், கோலாலம்பூருக்குள்ளேயே இருக்கும் பகுதி. முந்தைய இரவே அவர்களை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். அப்பாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து நடக்க முடியாத நேரம், அண்ணன் தம்பி இருவரும் கட்டிலில் உட்கார்ந்தபடியே பேசித் தீர்த்தார்கள். விடியுமுன் கிளம்பி செந்தூல் நிலையத்தில் கொமுட்டர் என்ற புறநகர் ரயில் பிடித்தோம். அந்தப் பாதை பத்துமலை வாசலிலேயே முடிகிறது. 2010-இல் அந்த ரயில் வந்த பிறகு பத்துமலைக்குப் போக வேறு வழி தேட வேண்டிய அவசியமே இல்லை. இங்கே சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எழும். ஏழு மணிக்கு அடிவாரத்தில் நின்றால் வெயிலும் இல்லை, சுற்றுலாப் பேருந்துகளும் இல்லை. சுண்ணாம்புப் பாறை இன்னும் ஈரமாக, கறுப்பாக இருக்கும். புறாக்கள் மட்டும் சத்தம் போடும். அந்த நேரத்துப் பத்துமலையைத்தான் நான் யாருக்கும் சிபாரிசு செய்வேன். குரங்குகளும் அப்போது அவ்வளவு தொல்லை கொடுப்பதில்லை. ஆனாலும் பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு ஏறாதீர்கள், பையைப் பார்த்தால் அவை விடாது.

272 படி. சித்தி கணக்கு வைத்து ஏறினார். ஒவ்வொரு ஐம்பதுக்கும் ஒரு நிறுத்தம், ஒரு மடக்குத் தண்ணீர். 1920-இல் முதலில் மரப்படிதான் போட்டார்கள், கான்கிரீட் படி பிறகு வந்தது. இப்போது எல்லோர் படத்திலும் தெரியும் வண்ணம் 2018-இல் பூசியது. அந்த வண்ணம் எனக்குப் பிடிக்கவில்லை என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று காலை மங்கலான வெளிச்சத்தில் கீழே திரும்பிப் பார்த்தபோது, கோலம் போட்ட வாசலைப் போலத்தான் தெரிந்தது.

சிலையடியில் சித்தப்பா அண்ணாந்து பார்த்தபடி, "சேலத்துல இதவிட உயரமா கட்டிட்டாங்க, தெரியுமா?" என்றார். தெரியும். இங்கே 2006-இல் திறந்தது 42.7 மீட்டர், அதாவது 140 அடி. சேலத்தில் 2022-இல் திறந்தது 146 அடி. ஆனால் இரண்டையும் செய்தவர் ஒருவரே, திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதி. இதைச் சொன்னதும் சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. "நம்ம பக்கத்து ஆளா!" என்று சித்தியிடம் இரண்டு முறை சொன்னார்.

மேலே குகைக்குள் கூரை திறந்திருக்கும் இடத்தில் வெளிச்சம் ஒரு தூணைப் போல இறங்கும். சித்தி அங்கே நின்று கும்பிட்டார். வேலின் உருவம் போலிருக்கும் குகை வாயிலைப் பார்த்துத்தான், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஊர்த் தமிழர்களின் தலைவராக இருந்த தம்புசாமிப் பிள்ளை இங்கே முருகனுக்குக் கோயில் அமைக்க நினைத்தார் என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள். 1892 முதல் இங்கே தைப்பூசம் நடக்கிறது. தம்புசாமிப் பிள்ளையைப் பற்றி அன்று முழுவதும் பேச வேண்டியிருந்தது, ஏனென்றால் போகிற இடமெல்லாம் அவர் வந்துகொண்டே இருந்தார்.

கீழே இறங்கிப் பசியாறினோம். இட்லி, தோசை, கோப்பி. பசியாறினோம் என்ற சொல்லைக் கேட்டதும் சித்தப்பா நிமிர்ந்தார். காலைச் சாப்பாட்டுக்கு நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம் என்றேன். "எவ்வளவு அழகான சொல்லு. நாங்க டிபன்ல மாட்டிக்கிட்டோமே" என்றார். அந்தச் சொல்லை நான் ஒருபோதும் அப்படி நின்று பார்த்ததில்லை.

அதே ரயிலில் திரும்பி, செந்தூலைத் தாண்டி, பழைய கோலாலம்பூர் நிலையத்தில் இறங்கினோம். பலர் நேராக இப்போதைய பெரிய நிலையமான கேஎல் சென்ட்ரல் போய்விடுகிறார்கள். ஒரு நிலையம் முன்னால் இறங்கிப் பாருங்கள். 1910-இல் முடித்த கட்டடம். வெள்ளைக் குவிமாடங்கள், வளைவுகள், ஓரங்களில் குடை போன்ற சிறு கோபுரங்கள். வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பக் என்ற ஆங்கிலேயர். 2001-இல் கேஎல் சென்ட்ரல் வந்த பிறகு இங்கே கூட்டம் இல்லை. தூரப் பயணம் போகிற ரயில்கள் நின்ற நடைமேடையில் இப்போது கொமுட்டருக்குக் காத்திருக்கும் பத்துப் பேர். தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்தவர் என்பதால் சித்தப்பா அந்தத் தூண்களைத் தொட்டுத் தொட்டு நடந்தார்.

அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிட நடை, மெர்டேக்கா சதுக்கம். ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் கிரிக்கெட் விளையாடிய திடல், பாடாங் என்று சொல்வார்கள். 1957 ஆகஸ்ட் 30-ஆம் தேதி நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது இந்தப் புல்வெளியில்தான். மறுநாள் காலை சுதந்திரப் பிரகடனம் மெர்டேக்கா அரங்கில் நடந்தது. தாத்தா அன்று செந்தூலிலிருந்து கூட்டாளிகளோடு நடந்தே வந்து இந்தத் திடலின் ஓரத்தில் நின்றிருக்கிறார். கொடி இறங்கியதை அவர் பார்க்கவில்லை, முன்னால் நின்றவர்களின் தலைதான் தெரிந்ததாம். சத்தம் கேட்டதாம். அப்பா சொல்லி நான் கேட்டது. அந்தச் சத்தத்தை மட்டும் தாத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

எதிரே செங்கலும் குவிமாடமுமாக சுல்தான் அப்துல் சமாட் கட்டடம், 1897-இல் முடிந்தது. படத்தில் பார்ப்பதைவிட நேரில் நீளமானது. மணிக்கூண்டின் நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். இந்தச் செங்கல் நிறத்துக்கு ஒரு காரணம் உண்டு. 1881-இல் இந்த ஊர் தீயில் எரிந்தது, அதே வருடம் வெள்ளமும் வந்தது. மரமும் அத்தாப்பு ஓலையுமாக இருந்த வீடுகள் போய்விட்டன. அதன் பிறகு பிரிட்டிஷ் அதிகாரி ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் காலத்தில் செங்கல்லும் ஓடும் வைத்துத்தான் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். செங்கல்லுக்கு எங்கே போவது? ஊருக்குத் தெற்கே களிமண் நிலத்தில் சூளைகள் எழுந்தன. அந்த இடத்துக்குப் பெயரே பிரிக்பீல்ட்ஸ் ஆகிவிட்டது. இதைச் சொல்லி, மத்தியானச் சாப்பாடு அங்கேதான் என்றேன். சித்தப்பா சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

கட்டடத்துக்குப் பின்னால் போனால் ஆறு.

நான் காட்ட நினைத்த இடம் இதுதான். இடது பக்கம் கோம்பாக் ஆறு, வலது பக்கம் கிள்ளான் ஆறு. இரண்டும் சேரும் முனையில், நாக்கு நீட்டியது போன்ற நிலத்தில், தென்னை மரங்களுக்கு நடுவே மஸ்ஜித் ஜாமெக். குவாலா என்றால் ஆறுகள் கூடும் இடம், லும்பூர் என்றால் சேறு. சித்தப்பா படித்துறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் தண்ணீரைப் பார்த்தார். இங்கத்துப் பால் தேநீரான தே தாரிக்கின் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. "சேத்துக் கூடுதுறை" என்றார். பவானியில் கூடுதுறை இருக்கிறதே, அந்தச் சொல். நான் இத்தனை வருடமாக 'சேறு நிறைந்த சங்கமம்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன பிறகு எனக்கு வேறு சொல் வாயில் வரவில்லை.

1857-இல் கிள்ளானிலிருந்து 87 சீனத் தொழிலாளர்கள் ஈயம் தேடிப் படகில் வந்தார்கள். இந்த இடத்துக்கு மேல் படகு போகாது. இறங்கி, காட்டுக்குள் அம்பாங் பக்கம் நடந்தார்கள். ஒரே மாதத்தில் காய்ச்சலில் செத்துச் செத்து, 18 பேர்தான் மிஞ்சினார்கள். ஆனாலும் ஈயம் கிடைத்தது. அதற்காகச் சாமான் இறக்கும் துறையாக இந்தக் கரை ஆனது, கடை வந்தது, சூதாட்டக் கூடம் வந்தது, யாப் ஆ லோய் என்ற காப்பித்தான், அதாவது சீனர்களின் தலைவர், வந்தார், சண்டை வந்தது. 1880-இல் பிரிட்டிஷ்காரர்கள் சிலாங்கூரின் நிர்வாகத்தைக் கிள்ளானிலிருந்து இங்கே மாற்றினார்கள். 1896-இல் ஐக்கிய மலாய் மாநிலங்களுக்கும் இதுவே தலைநகர். படகு மேலே போக முடியாமல் நின்ற இடம் நாற்பதே வருடத்தில் தலைநகர் ஆகிவிட்டது.

இதை ஆற்றைப் பார்த்தபடி கேட்பது வேறு, புத்தகத்தில் படிப்பது வேறு. கோலாலம்பூருக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் இங்கே வந்து கால் மணி நேரம் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. காசு கிடையாது, வரிசை கிடையாது. இரவில் வந்தால் நீல விளக்கும் தண்ணீர்ப் புகையுமாக அலங்காரம் செய்திருப்பார்கள், அதுவும் அழகுதான். பகலில் வந்தால் ஊர் தெரியும்.

பள்ளிவாசலுக்குள் போனோம். வெளியே அங்கி தருகிறார்கள், தொழுகை நேரம் தவிர மற்ற நேரம் யாரும் போகலாம். சித்திக்குத் தயக்கம். வாசலில் இருந்த அம்மா சிரித்துக்கொண்டே அங்கியின் கயிற்றைக் கட்டிவிட்டதும் தயக்கம் போய்விட்டது. ரயில் நிலையத்தை வரைந்த அதே ஹப்பக் வரைந்தது இது, 1909-இல் திறந்தது. 1965-இல் தேசியப் பள்ளிவாசல் வரும்வரை ஊரின் பெரிய பள்ளிவாசல் இதுதான். பழைய மலாய் இடுகாடு இருந்த நிலம் என்பதால் இப்போதும் உள்ளே போனால் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். சிவப்பும் வெள்ளையுமாக வரி வரியான தூண்கள், சலவைக்கல் தரை. இரண்டு பக்கமும் ரயிலும் காரும் போகிற ஊரில், இங்கே தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது.

அங்கிருந்து மஸ்ஜித் இந்தியா தெரு. வழியில் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். 2024 ஆகஸ்டில் இந்தத் தெருவின் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்த ஒரு பெண் அதில் விழுந்து காணாமல் போனார். ஊரில் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார். "இந்தத் தெருவா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். நின்று கைகூப்பிவிட்டு நடந்தார். அந்த வாரம் முழுக்க நாங்களும் இப்படித்தான் நடந்தோம், சித்தியிடம் சொல்லவில்லை.

தெருவில் நுழைந்ததும் ஊர் மாறிவிடும். சேலைக் கடை, பாத்திரக் கடை, மல்லிகைப்பூ, நாணயம் மாற்றும் கடை, தமிழ்ப் பாட்டு. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் 1863-இல் கட்டிய பள்ளிவாசல்தான் தெருவுக்குப் பெயர் கொடுத்தது, இப்போதுள்ள கட்டடம் 1966-இல் வந்தது. உள்ளே தமிழில் பிரசங்கம் நடக்கும். மலாய்ப் பெண்கள் சேலைத் துணியைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டிருந்தார்கள், கடைக்காரர் தமிழில் பையனிடம் அளவு சொல்லி, மலாயில் அவர்களிடம் விலை சொல்லி, சித்தியைப் பார்த்ததும் "வாங்கம்மா, ஊர்லேர்ந்தா?" என்றார். சித்திக்கு அந்த ஒரு கேள்வி போதும். கால் மணி நேரம் பேசினார். வாங்கியது கோடாலித் தைலம், ஒரு டஜன். மலாயாவிலிருந்து யார் ஊருக்குப் போனாலும் அதைத்தான் கொண்டுபோவார்கள். "உங்க தாத்தா ஒரு தடவை ஊருக்கு வந்தப்ப இதே தைலத்தத்தான் எல்லாருக்கும் குடுத்தாரு. அந்த வாசனைதான் மலாயான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்று சித்தப்பா பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

லெபோ அம்பாங் சின்னத் தெரு, இரண்டு நிமிடத்தில் கடந்துவிடலாம். கடந்துவிடாதீர்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் தெரு இது. கிட்டங்கி என்று சொல்வார்கள்: நீண்ட கூடம், அதில் ஒவ்வொரு மார்க்காவுக்கும், அதாவது ஒவ்வொரு வட்டிக்கடைக்கும், ஓர் இடம், பாய், கணக்குப் பெட்டி. ஈயச் சுரங்கத்துக்கும் ரப்பர்த் தோட்டத்துக்கும் கடன் இங்கிருந்து போயிருக்கிறது. ஊருக்குப் பணம் அனுப்பவும் செட்டியாரிடம்தான் வருவார்கள். மாடிச் சுவர்களை அண்ணாந்து பாருங்கள், பூவேலையும் மயிலும் பதித்த ஓடுகள் இன்னும் சில இடங்களில் இருக்கின்றன. கீழே எல்லாம் மாறிவிட்டது. சித்தப்பா, தன் அப்பா மணியார்டர் வரும் என்று காத்திருந்த நாட்களைச் சொன்னார். தாத்தா அனுப்பிய பணத்தில்தான் சித்தப்பா பள்ளிக்கூடம் போயிருக்கிறார். எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. தாத்தா சொல்லவே இல்லை.

பழைய சந்தைத் திடலான மேடான் பாசாரைத் தாண்டி மாரியம்மன் கோயிலுக்கு நடந்தோம். முன்பு ஹை ஸ்ட்ரீட், இப்போது ஜாலான் துன் எச். எஸ். லீ. 1873-இல் தம்புசாமிப் பிள்ளை தொடங்கிய கோயில். முதலில் ரயில் நிலையத்துப் பக்கம் இருந்தது, 1885-இல் இங்கே வந்தது. ஐந்து நிலைக் கோபுரம் 1968-இல் எழுப்பியது, 22.9 மீட்டர். தெரு குறுகலானது என்பதால் நெருங்கும்வரை கோபுரம் தெரியாது. திடீரென்று பக்கவாட்டில் வந்து நிற்கும். எதிர்ப்பக்கம் சீனர்களின் குவான் டி கோயில். ஊதுபத்திப் புகையும் சாம்பிராணிப் புகையும் தெருவின் நடுவில் கலக்கும்.

சிங்கப்பூரில் பிறந்து, அரசாங்கக் கருவூலத்தில் வேலை பார்த்து, லோக் இயூ என்ற சீனச் செல்வந்தரோடு சேர்ந்து ஈயச் சுரங்கம் நடத்தி, விக்டோரியா கல்விக்கூடத்தைத் தொடங்கியவர்களிலும் ஒருவராக இருந்தவர் தம்புசாமிப் பிள்ளை. தைப்பூசத்தையொட்டி இரவில் வெள்ளி ரதம் இந்தக் கோயிலிலிருந்துதான் புறப்படும். ஏறக்குறைய 15 கிலோமீட்டர் ஊர்ந்து, விடிந்து வெகுநேரம் கழித்துப் பத்துமலை போய்ச் சேரும். இந்த ஊரைப் பார்க்க எந்த நாள் நல்ல நாள் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது அந்த இரவைத்தான். நடுராத்திரி, பெரிய சாலைகள், ரதத்துக்குப் பின்னால் பால்குடமும் செருப்பில்லாத கால்களும், ஓரத்தில் தண்ணீர்ப் பந்தல் வைத்திருக்கும் சீனர்கள். சின்ன வயதில் செந்தூலிலிருந்து அப்பாவின் தோளில் உட்கார்ந்து ரதம் பார்த்திருக்கிறேன். "காலையில நாம ரயில்ல வந்த வழிய ரதம் நடந்தே போகுதா" என்று சித்தி கேட்டார்.

மணி ஒன்று. பாசார் செனி நிலையத்தில் எல்ஆர்டி என்ற நகர ரயிலில் ஏறினால் ஒரே நிறுத்தம், கேஎல் சென்ட்ரல். வெளியே வந்தால் பிரிக்பீல்ட்ஸ். 2010-இல் லிட்டில் இந்தியா என்று அறிவித்து வளைவும் வண்ணமும் வைத்தார்கள். வளைவு இல்லாத காலத்திலும் இது இப்படித்தான் இருந்தது. வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டோம். எந்தக் கடை என்று கேட்காதீர்கள், அந்தத் தெருவில் கூட்டம் உள்ள எந்தக் கடையிலும் நம்பி உட்காரலாம். பாகற்காய் வறுவலும் ரசமும் சித்தியிடம் பாஸ் ஆயின. சாம்பாரை மட்டும் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டார்.

சாப்பிட்ட பிறகு எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லை. இங்கே நடக்கிறவர்கள் பார்க்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன். 1904-இல் தொடங்கிய விவேகானந்தர் ஆசிரமம், பக்கத்தில் தமிழ்ப்பள்ளி. நல்லூர்க் கோயிலைப் போலவே இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயில். சிங்களவர்கள் 1894-இல் தொடங்கிய பௌத்த விகாரை. தேவாலயங்கள். பார்வையற்றோர் சங்கம் இங்கே இருப்பதால் நடைபாதைகளில் அவர்களுக்கான மேடுபள்ளக் கற்கள், அவர்கள் நடத்தும் மசாஜ் நிலையங்கள். சித்தப்பா காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு வந்து, பத்து வயது குறைந்தது என்றார். ரயில்வே ஊழியர்களுக்குக் கட்டிய நூறு குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தைக் காட்டினேன். இடித்துவிட்டார்கள். தாத்தாவின் நண்பர் குடும்பம் அங்கே இருந்தது, தீபாவளிக்கு முறுக்கு வாங்கிக்கொண்டு போவோம். அந்த வரிசை வீடுகளில் நான்கையாவது நிறுத்தி வைத்திருக்கலாம் என்று ஒவ்வொரு முறை அந்தப் பக்கம் போகும்போதும் தோன்றுகிறது.

பெரிய தெருவுக்கு, மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பெயர். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த காலத்தில், அவர்களிடமே பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்டைத்தான் சொல்கிறேன்) சேர்த்து, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தோட்டம் வாங்கியவர். இதைக் கேட்டதும் வாத்தியார் சித்தப்பா நோட்டை மறுபடி எடுத்தார். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே, முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்ததும் இந்த ஊர்தான் சித்தப்பா என்றேன். 1966 ஏப்ரல், மலாயாப் பல்கலைக்கழகம். இந்திய ஆய்வியல் துறையில் இருந்த தனிநாயகம் அடிகள் முன்னின்று நடத்தியது. அவருக்கு இது தெரியாமலா இருக்கும்! "1968-ல சென்னையில ரெண்டாவது மாநாடு. நான் பன்னெண்டு, பதிமூணு வயசுப் பையன். எங்க அப்பா தோள்ல துண்டப் போட்டுக்கிட்டு என்னையும் ரயில்ல கூட்டிட்டுப் போனாரு. அது தொடங்குன ஊரு இதுன்னு வகுப்புல நாப்பது வருசம் சொல்லியிருக்கேன். இங்க நிக்கிறேன்னு இப்பதான் ஒறைக்குது."

மூன்றரைக்கு மழை பிடித்துக்கொண்டது. இந்த ஊரில் மத்தியானத்துக்கு மேல் மழை வரும் என்று வைத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும். நடை எல்லாம் காலையில், மத்தியானம் கூரைக்கடியில். மழை நேரத்துக்குத் தேசிய அருங்காட்சியகம் நல்ல இடம், கேஎல் சென்ட்ரலுக்குப் பக்கம்தான். நாங்கள் தே தாரிக் குடித்துக்கொண்டு கடையிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

கோபுரங்களைக் கடைசியில்தான் காட்டினேன். இருட்டிய பிறகு எல்ஆர்டியில் கோபுரங்கள் இருக்கும் கேஎல்சிசி போய், பேரங்காடிக்குள் நிற்காமல் நேரே பின்பக்கப் பூங்காவுக்குப் போய்விட்டோம். இரட்டைக் கோபுரம் 88 மாடி, 451.9 மீட்டர், 2004 வரை உலகிலேயே உயரம். 41, 42-ஆம் மாடிகளை இணைக்கும் பாலத்துக்குப் போக வேண்டுமானால் முன்கூட்டியே சீட்டு வாங்கிவிடுங்கள், திங்கட்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும். ஆனால் பாலத்தில் நின்றால் கோபுரம் தெரியாது. கீழே புல்லில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் அது கோபுரம். இந்த இடம் முழுக்க ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடல். மழை கழுவிய வானத்தில் இரண்டும் வெள்ளி வேல்களைப் போல நின்றன. சித்தி செருப்பைக் கழற்றிவிட்டு ஈரப் புல்லில் காலை வைத்தார். "இங்கதான் பத்து நிமிஷம் நிறுத்துனாங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம்." நீரூற்று நடனம் முடியும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. தூரத்தில் மெர்டேக்கா 118 கோபுரம் தெரிந்தது, 678.9 மீட்டர், இப்போது உலகில் இரண்டாவது. அதன் பக்கமும் போக வேண்டுமா என்று கேட்டேன். சித்தப்பா தலையாட்டி மறுத்தார்.

"பெரியப்பா வேல பாத்த எடம் எது? அதக் காட்டிடு, போதும்."

மஸ்ஜித் ஜாமெக்கில் ரயில் மாறிச் செந்தூல் வந்தோம். ரயில்வேயின் பெரிய பட்டறை நூறு வருடத்துக்கு மேல் இங்கே இருந்தது. இன்ஜினும் பெட்டியும் பழுது பார்க்க ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்த இடம், அதில் நம் ஆட்கள் ஏராளம். செந்தூலில் இத்தனை கோயிலும் தமிழ்க் கடையும் இருப்பது அதனால்தான். பட்டறை பேராக் மாநிலத்திலுள்ள பத்து காஜாவுக்குப் போய்விட்டது. ரயில்வேயின் பழைய செங்கல் கட்டடம் ஒன்றில் 2005 முதல் நாடக அரங்கு நடக்கிறது, சுற்றிலும் பூங்கா. வாடகைக் காரில் போய் அங்கே இறங்கினோம். அன்று ஏதோ நிகழ்ச்சி, கண்ணாடிக்குப் பின்னால் விளக்குகள். இளம் பிள்ளைகள் சிரித்துப் பேசிக்கொண்டு உள்ளே போனார்கள்.

சித்தப்பா செங்கல் சுவர்ப் பக்கம் போய் நின்றார். தாத்தா எந்தப் பக்கம் வேலை பார்த்தார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்பாவை அழைத்து, போனைச் சத்தமாக வைத்து அவர் கையில் கொடுத்தேன்.

"எங்க நிக்கிறீங்க?" என்றார் அப்பா. நான் சொன்னேன்.

"சரி, ரயில் பாதையப் பாத்துத் திரும்பி நில்லு தம்பி. ஓன் எடது கைப் பக்கம் தூரமா ஒரு கேட்டு இருந்துச்சு. சங்கு ஊதுனதும் அங்கேருந்துதான் எல்லாரும் வெளிய வருவாங்க. நான் தூக்குச்சட்டிய வச்சுக்கிட்டு ஒரு மரத்துக்கடியில நிப்பேன். எண்ணெய்க் கறையோட வருவாரு. கையக் கழுவாம தொடமாட்டாரு."

சித்தப்பா ரயில் பாதையைப் பார்த்துத் திரும்பி நின்றார். பிறகு இடது பக்கம் திரும்பினார். அங்கே மரங்கள் இருட்டாக இருந்தன.

"அண்ணே, மரம் இருக்கு" என்றார்.